கஸ்தூரி வீடு நகர்ந்த விவரம்

உறுவையாற்றில் கஸ்தூரியின் வீடு முதல் தடவை பின்னால் நகர்ந்தது புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று வில்லியனூரில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய், சின்ன வெங்காயம் எழுபது. வீடு நகர்ந்த தூரம் ஒரு கட்டில் நீளம். அடுப்பில் இருந்த உலை தளும்பவில்லை, ஆணியில் தொங்கிய காலண்டர் ஆடவில்லை, தரையில் படுத்திருந்த பூனை கண்ணைத் திறக்கவில்லை. வாசலில் போட்டிருந்த சிமெண்டுப் படி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கஸ்தூரியின் புருஷன் பாக்யராஜ் வேலைக்குக் கிளம்பி, பல வருடப் பழக்கத்தில் கீழே பார்க்காமல் காலை எடுத்து வைத்தான். படி இருக்க வேண்டிய இடத்தில் படி இல்லை. முழங்கால் தோல் உரிந்தது. எழுந்து நின்று, தள்ளித் தனியாக நின்ற படியைப் பார்த்தான். எவனோ நகர்த்திப் போட்டுவிட்டான் என்று தெருவைப் பொதுவாகத் திட்டினான். கம்பத்திலிருந்து வரும் கரண்டு ஒயர் விறைத்து நிற்பதையும், முறிந்த குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதையும் கண்ட பிறகுதான் திட்டுவதை நிறுத்தினான்.

அது அரசாங்கத் திட்டத்தில் கட்டிய ஒற்றை அறை வீடு. முன்னால் கோலம் போடுகிற அளவு இடம், அதை ஒட்டித் தெரு, டவுன் பஸ் திரும்புகிற வளைவு. பின்னால் மணவாளனின் கரும்புக் கொல்லை. அந்த இடத்தில் கொல்லை ஒடுங்கி வெறும் பட்டையாக இருக்கும். அதைத் தாண்டினால் ஆற்றங்கரை. ஆகவே பின்னால் போகிற வீடு எங்கே போய்ச் சேரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எப்போது என்பதுதான் தெரியவில்லை.

கடன் கேட்டதால் வந்த வினை இது. மணவாளனிடம் குட்டி யானை வண்டி ஒன்று இருந்தது. அதைப் பாக்யராஜ்தான் ஓட்டினான். திருக்கனூருக்கு நெல்லும் காய்கறியும் ஏற்றிப்போவான், திரும்பி வரும்போது தவிடும் உரமும். அந்த வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கும், எந்த மேட்டில் திணறும் என்பது சொந்தக்காரனுக்குத் தெரியாது, ஓட்டுகிறவனுக்குத் தெரியும். மணவாளனுக்குக் கரும்புக்குப் பணம் வந்து சேருவதில் தாமதம். வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். கார்த்திகை முடிவதற்குள் நீ எடுத்துக்கொள்வதென்றால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் கரையாம்புத்தூரில் ஒருத்தர் கேட்கிறார், அவர் தானே ஓட்டிக்கொள்வாராம் என்று பாக்யராஜிடம் சொன்னார். அதாவது வண்டி கைக்கு வராவிட்டால் வேலையும் போகும்.

பாக்யராஜ் முதலில் தன் பெயரில்தான் கேட்டான். அவனுடைய அப்பா செல்லப்பன் சாகும்போது மூன்று பேருக்குக் கடன் வைத்துவிட்டுப் போனார். சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வசூலுக்கு வந்தவர்கள். அதைப் பார்த்த பையன், யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று முடிவெடுத்து, அப்படியே நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். நிதி நிறுவனத்தில் அவன் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினார்கள். ஒன்றும் வரவில்லை. கடனை ஒழுங்காகக் கட்டினால் ஏறுகிற, ஸ்கோர் என்கிற நம்பரே இல்லை. கடனே வாங்காதவன் கடனைத் திருப்பிக் கட்டுவான் என்று எதை வைத்து நம்புவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி மாதிரி இருந்ததால் எழுந்து வந்துவிட்டான்.

கஸ்தூரிக்கு நம்பர் இருந்தது, அதுவும் நல்ல நம்பர். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துக்கொண்டே தெருப் பெண்களின் கடன் குழுவுக்குத் தலைவியாக இருந்தாள். புதன்கிழமை வசூல் பையன் வருவதற்கு முன்னால் பணத்தை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பாள். யாராவது கட்டாமல் விட்டால் மற்றவர்கள் பகிர்ந்து கட்ட வேண்டும் என்பது குழுவின் சட்டம். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கஸ்தூரியே கட்டுவாள். பக்கத்து வீட்டுக் கலியம்மாள் வீட்டில் எல்லோருக்கும் அம்மை போட்டு மூன்று வாரம் வாசல் பக்கமே யாரும் போக முடியாதபோது, அவள் தவணையையும் கஸ்தூரிதான் கட்டினாள். கலியம்மாள் அதைத் திருப்பித் தரவில்லை. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

வில்லியனூர் ரயில்வே கேட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ராஜேஷ், லோனும் வாங்கித் தருவதாகப் போர்டு மாட்டியிருந்தான். கஸ்தூரியின் ஆதாரையும் பான் கார்டையும் படம் பிடித்தான், ஃபோனுக்கு வந்த ஓ.டி.பி. நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான், ஒரே ஒரு தட்டு தட்டினான். எவன் குடுக்கறானோ அவன்கிட்ட வாங்கிக்கலாம்க்கா என்றான். மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவளுடைய கடன் விவரம் ஒரு நிறுவனத்தால் பார்க்கப்பட்டது என்று ஃபோனில் செய்தி வந்தது. செய்தி வந்த சத்தமும் பாக்யராஜ் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

அந்த வாரமும் அடுத்த வாரமும் செய்திகள் வந்தபடி இருந்தன. ஒவ்வொரு செய்திக்கும் வீடு ஒரு கட்டில் நீளம் பின்னால் போனது. பகலில்தான் போகும், ஆபீஸ் நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை நகராது. பார்த்த கம்பெனிகளின் பெயர்களைக் கஸ்தூரி அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் இல்லை என்றார்கள். காரணம் கேட்டால், சமீபத்தில் நிறைய பேர் பார்த்திருக்கிறார்கள், அதனால் நம்பர் இறங்கியிருக்கிறது என்றார்கள். சொல்லிவிட்டு, அவர்களுடைய இன்னொரு கம்பெனியிலும் பார்க்கச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். அவர்களும் பார்த்தார்கள். மின்துறை ஆள் வந்து ஒயரை நீட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த தடவை போகும்போது முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கஸ்தூரி ராஜேஷ் கடைக்குப் போனாள். கடையில் ஒருவன் ஃபோனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டி வாங்கிக்கொண்டிருந்தான். அவன் போகும்வரை நின்றாள்.

"நான் ஒரு தவணை தப்பல. அப்புறம் ஏன்பா கொறையுது?"

"நீங்க கடன் கேட்டீங்க இல்ல, அதாங்க்கா. கேட்டா கொறையும்."

"கேக்காம எவன் குடுப்பான்?"

"கேக்கலாம்க்கா. நெறைய பேர்கிட்ட கேக்கக் கூடாது."

"நான் உன் ஒருத்தன்கிட்டதான கேட்டேன்."

ராஜேஷ் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினான். புதன்கிழமை தவறாமல் கட்டினால் மாதத்துக்கு ஒன்று இரண்டு ஏறும், ஒருத்தன் எட்டிப் பார்த்தால் அஞ்சு பத்து இறங்கும், இன்னா கணக்குடா இது என்று அவள் கேட்டாள். அது கம்ப்யூட்டர் கணக்குக்கா என்றான். தட்டினதைத் திரும்ப எடு என்றாள். தட்டின பிறகு அது தன் கையில் இல்லை, எங்கே எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தனக்கே தெரியாது என்றான். பொய் சொல்லவில்லை. தெரியாமல்தான் அவ்வளவு நாளும் தட்டிக்கொண்டிருந்தான்.

ஐப்பசி பிறந்தபோது வீடு முழுசாகக் கரும்புக் கொல்லைக்குள் இருந்தது. கரும்பு எதுவும் ஒடியவில்லை. வீடு வரும்போது விலகி, போன பிறகு முன்பக்கம் சேர்ந்துகொண்டது; கஸ்தூரி வேலைக்குப் போக, கரும்புச் சோகை கையைக் கீறாதபடி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவரை நடக்க வேண்டியிருந்தது. மணவாளன் வந்து சுற்றிப் பார்த்தார். கெட்டவர் இல்லை, ஆனால் நிலம் உள்ளவர். உன் வூடு என் கொல்லையில நிக்குதேம்மா என்றார். நான் நிறுத்தலீங்க மொதலாளி, அதுவா நிக்குது என்றாள் கஸ்தூரி. எதுவாக நின்றாலும் வாடகை என்று ஒன்று உண்டே என்று அவர் யோசித்துச் சொன்னார். வண்டி விலையில் சேர்த்துக்கொள்ளலாம் என்றான் பாக்யராஜ். கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். பட்டாவில் உள்ள மனையில் வீடு இல்லை, வீடு உள்ள இடத்துக்குப் பட்டா இல்லை என்று எழுதினார். வீட்டு வரி மட்டும் பழைய இடத்துக்கே தொடரும் என்றார். காலி மனையில் யாரோ இரண்டு ஆடுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஆடுகள் படியில் ஏறி நின்று புல் தின்றன.

கடைசி வழியாகக் கஸ்தூரி வில்லியனூரில் குழுக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனாள். மேனேஜர் அர்ச்சனா சின்ன வயது, பொறுமையாகக் கேட்டாள். வீட்டின் பேரில் கடன் தரலாம், ஆனால் பத்திரத்தில் உள்ள இடத்தில் வீடு இருக்க வேண்டும் என்றாள். பிறகு, உண்மையிலேயே உதவும் எண்ணத்தில், ஒரு நிமிஷம் இருங்க, ஸ்கோர் எவ்ளோ இருக்குன்னு பாத்துடறேன் என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். கஸ்தூரி மேஜைக்கு மேல் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலுக்கு இருந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அர்ச்சனா இன்னொரு கையால் ஏற்கெனவே தட்டிவிட்டிருந்தாள்.

கஸ்தூரி கையை விட்டாள். "போச்சு," என்றாள். பிறகு பாக்யராஜுக்கு ஃபோன் போட்டாள். அவன் வீட்டுக்குள் இருந்தான். ஆமாம், இப்பதான், பின்சுவர் பக்கம் மண் சரியும் சத்தம் கேட்குது என்றான்.

விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட அர்ச்சனா தண்ணீர் வாங்கி வரச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தெரிந்ததைச் சொன்னாள். நீங்களே உங்கள் நம்பரைப் பார்த்தால் குறையாது. கடன் கொடுக்கிறவன் பார்த்தால்தான் குறையும். இரண்டு வருடம் யாரும் பார்க்காமல் இருந்தால் ஒவ்வொரு பார்வையும் பழசாகி உதிர்ந்துவிடும். அதுவரை எதுவும் கேட்காதீர்கள், எவன் கூப்பிட்டாலும் சரி என்று சொல்லாதீர்கள். யாரும் பார்க்காமல் எப்படிம்மா தடுக்கறது என்று கஸ்தூரி கேட்டாள். அது எனக்குத் தெரியலைங்க என்றாள் அர்ச்சனா. அந்த வங்கியில் அன்று சொல்லப்பட்டவற்றில் அதுதான் நேர்மையான வார்த்தை.

வீட்டுக்குத் திரும்பியபோது பின்சுவர் கரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடுப்படியில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் ஆறு தெரிந்தது. வெள்ளிக்கிழமை பாக்யராஜ் பூசணிக்காய் வாங்கி வந்து வீட்டைச் சுற்றி உடைத்தான். குங்குமத் தண்ணீர் காய்வதற்குள் இரண்டு கம்பெனிகளிலிருந்து ஃபோன் வந்தது, மேடம் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கலாமா என்று. பாக்யராஜ் அவர்களைத் திட்டிவிட்டு வைத்தான். திட்டினால் பார்க்க மாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தெருக்கண் என்றால் பூசணிக்காய் போதும். இது எங்கோ மாடியில் ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் கண்.

கலியம்மாள் அன்று மத்தியானம் கரும்பை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கட்டு வேப்பிலை, மடியில் மஞ்சள் துணி. கேட்காமலே முன்வாசல் நிலையில் செருக ஆரம்பித்தாள்.

"இன்னாடி பண்ற?" என்றாள் கஸ்தூரி. இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

"பார்த்தா தெரியல? உன் வூட்டுக்கு ஆத்தா வந்திருக்கா."

"யாருக்கும் ஒன்னும் இல்லியே."

"எங்க வூட்ல மட்டும் இருந்துச்சாக்கும்." கலியம்மாள் திரும்பாமல் அடுத்த கொத்தைச் செருகினாள். "அந்த வசூல் பையன் மூணு வாரம் எங்க வாசல்ல காலை வெச்சானா?"

அந்த வீட்டில் அன்று யாருக்கும் அம்மையே போடவில்லை என்று கஸ்தூரிக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அந்த மூன்று வாரத் தவணைக்காகத் தன் மூக்குத்தியை அடகு வைத்ததைச் சொன்னாள். கலியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆத்தாளுக்கு ஆடியில் கூழ் ஊற்றி மன்னிப்புக் கேட்டாயிற்று, உன்னிடம்தான் இன்னும் கேட்கவில்லை, இதை அதுக்கு வெச்சிக்க என்றாள். பிறகு ஃபோனைக் கொடுடி என்று வாங்கிக்கொண்டாள். கடன் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்வதில் தெருவில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். அங்கே எதையும் கேட்க மாட்டார்கள், அங்கிருந்து எதையும் வாங்க மாட்டார்கள். கடக்கும்போது தலையைத் திருப்பிக்கொள்வார்கள். இது உறுவையாற்றுக்குத் தெரியும். கலியம்மாள் கணக்குப் போட்டது வேறு. முதல் ஃபோன் வந்ததும் எடுத்து, ஆத்தா விளையாடுற வூடும்மா, பெரிய முத்தா போட்டிருக்கு, இந்த நேரத்துல பார்க்கக் கூடாது என்றாள். மறுமுனையில் சென்னையில் எங்கோ பேசிய பெண் குரல் மாறி, ஐயோ, வெச்சிடறேங்க என்றாள். அந்தப் பெண் செஞ்சிப் பக்கத்துக்காரியாக இருக்கலாம், விருத்தாசலத்துக்காரியாக இருக்கலாம். காதில் மைக் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வேப்பிலை செருகிய வீட்டை அவள் அம்மா பார்க்க விட்டதில்லை. பொத்தானுக்கு மேல் இருந்த விரலை எடுத்துவிட்டாள். அடுத்து கூப்பிட்டவளும் எடுத்துவிட்டாள். மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், வீட்டில் குழந்தைகள் இருந்தால் தள்ளிப் படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தான். கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் கஸ்தூரியின் பெயருக்கு எதிரில் என்ன எழுதினார்களோ தெரியாது. செய்திகள் நின்றன. வீடு நின்றது.

நின்றது நல்லது என்று பாக்யராஜ் நினைக்கவில்லை. கார்த்திகை பாதி ஓடிவிட்டது. கரையாம்புத்தூர்க்காரர் ஒரு தடவை வந்து வண்டியின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு வருடம் யாரையும் கேட்காமல் இருந்தால் அதுவரைக்கும் சோற்றுக்கு என்ன செய்வது என்று பாக்யராஜ் கேட்டான். வூடு போச்சுன்னா என்ன செய்வ என்று கஸ்தூரி திருப்பிக் கேட்டாள். "வூட்ட ஓட்டிக்கினு திருக்கனூர் போக முடியுமாடி?" என்றான். அதற்குப் பிறகு இருவரும் அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். கட்டிலைப் பின்சுவர் ஓரத்திலிருந்து நகர்த்த வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். யார் முதலில் சொல்வது என்று விட்டுவிட்டார்கள்.

புயல் என்று அறிவித்திருந்தார்கள். மழை விடாமல் மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. மேற்கே அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு கலங்கி, வேரோடு மரங்களைக் கொண்டுவந்தது. பின்சுவருக்கு அடியில் இப்போது மண் இல்லை, தண்ணீர்தான். அறையின் பாதி தரையிலும் பாதி அந்தரத்திலும் நின்றது. இன்னும் ஒருவர் பார்த்தால் போதும். மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருந்த கஸ்தூரி, வாசலுக்கு வெளியே குடை பிடித்து நின்ற பாக்யராஜின் காதில், கலியம்மாள் திருப்பிக் கொடுத்திருந்த தன்னுடைய ஃபோன் இருப்பதைப் பார்த்தாள்.

"யாரு?"

"ராஜேஷ்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு கம்பெனி. இவன் குடுத்துடுவானாம். ஓ.டி.பி. நம்பர் வந்திருக்கு, சொன்னா போதும்."

கஸ்தூரி பானையை நிமிர்த்தி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலில், பின்சுவரில் முதுகு சாய்த்து, காலை மடக்கி உட்கார்ந்தாள். அங்கிருந்து அவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சொல்லு. நான் இங்கதான் உக்காந்திருக்கேன். சொல்லு நம்பர."

"வெளிய வா கஸ்தூரி."

"வண்டிக்கு யாருய்யா டிரைவர்? நீதான. எடுக்கணும்னா எடு."

ஃபோனில் ராஜேஷ், சீக்கிரம் சொல்லுண்ணே, டைம் ஓடுது என்றான். பாக்யராஜ் திரையைப் பார்த்து, நாலு என்றான். ஏழு என்றான். பின்சுவருக்கு வெளியே ஒரு மரம் வந்து இடித்துவிட்டுப் போனது. கட்டில் அதிர்ந்தது. கஸ்தூரி அசையவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. ஒன்று என்றான். அப்புறம்ணே என்றான் ராஜேஷ். பாக்யராஜுக்கு மீதி மூன்று எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. வாய்தான் திறக்கவில்லை. குடையின் ஒரு கம்பி உடைந்திருந்தது; அந்தப் பக்கம் வழிந்த தண்ணீர் ஃபோன் மேல் விழுந்தது. அப்புறம்ணே, அப்புறம்ணே என்று ராஜேஷ் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், டைம் போச்சுண்ணே, மறுபடி அனுப்பச் சொல்லவா என்றான்.

"வேணாம்பா. கடையைப் பாரு."

குடையை மடக்காமல் வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். கட்டிலின் முன்காலைப் பிடித்து, அவளோடு சேர்த்து, முன்சுவர் ஓரத்துக்கு இழுத்துப் போட்டான். சோறு குழைந்துவிட்டது. அதையே தின்றார்கள்.

வண்டி கரையாம்புத்தூருக்குப் போயிற்று. சாவியைக் கொடுக்கும்போது கிளட்ச் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல பாக்யராஜ் வாயெடுத்தான்; வாங்கியவர் கேட்கும் நிலையில் இல்லை. மாசியில் கரும்பு வெட்டுக்கு ஆள் சேர்த்தார்கள். பாக்யராஜும் போனான். தன் வீட்டைச் சுற்றி நின்ற கரும்பைத் தானே வெட்டி மணவாளனின் டிராக்டரில் ஏற்றினான். கஸ்தூரி குழுக் கடனை மிச்சம் மீதி இல்லாமல் கட்டி முடித்தாள். புதுக் கடன் எடுக்கவில்லை. நிலையில் வேப்பிலை காயக் காயக் கலியம்மாள் புதுசு செருகினாள். கஸ்தூரி வீட்டில் தாளிக்கவில்லை, பிச்சைக்காரனுக்குக்கூட ஒன்றும் போடவில்லை. இரண்டு வருடம் ஒரு வீட்டில் ஆத்தா இருந்தாள் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் கேள்விப்படாத விஷயம். யாரும் சந்தேகப்படவில்லை, சந்தேகப்படுவதற்கும் வந்து பார்க்க வேண்டுமே.

இரண்டாவது புரட்டாசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீடு ஒரு கட்டில் நீளம் முன்னால் வந்தது. தக்காளி அன்று இருபத்தெட்டு. முதலில் பார்த்தவன் பார்த்தது பழசாகி உதிர்ந்துவிட்டது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. போன வரிசையிலேயே, போன கிழமைகளிலேயே திரும்பி வந்தது. புதுக் கரும்பு விலகி வழி விட்டது. மின்துறை ஆள் ஒயரைச் சுருட்டிக்கொண்டார். மனையில் ஆடு கட்டியவர் கேட்காமலே அவிழ்த்துக்கொண்டு போனார். கார்த்திகையில் வீடு பழைய படியில் வந்து இடித்து நின்றபோது கலியம்மாள் வேப்பிலையை எடுத்து ஆற்றில் விட்டாள், கஸ்தூரிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள், மடியிலிருந்து மூன்று தவணைப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள். மூக்குத்திக்கு வட்டி யார் குடுப்பா என்று கஸ்தூரி கேட்டாள். அதான் வூடு குடுத்தேனே என்றாள் கலியம்மாள்.

ஆனால் வீடு அங்கே நிற்கவில்லை. கடனைக் கட்டி முடித்தவள், யாரையும் கேட்காதவள் என்று நம்பர் முன்பு இருந்ததைவிட மேலே போனது. வீடும் படியைத் தாண்டி வந்தது. படி இப்போது அறைக்குள், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தை பிறந்தபோது முன்சுவர் தார் ரோட்டைத் தொட்டது. ஆக்கிரமிப்பு என்று கொம்யூனிலிருந்து நோட்டீஸ் வந்தது. கடன் தருகிறோம், உடனே தருகிறோம் என்று பூப்படம் போட்ட செய்திகளும் வந்தன. ராஜேஷ் ஃபோன் செய்து, அக்கா, இந்த ஏரியாவுலயே உங்க நம்பர்தான் மேல, இப்ப வாங்கிக்கோங்க என்றான். பாக்யராஜ் அதற்குள் ஒரு வேலை பிடித்திருந்தான்: கரையாம்புத்தூர்க்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அந்தக் கிளட்ச்சோடு மல்லுக்கட்டி. ஓட்ட ஆள் தேடினார். தினமும் விடியற்காலை இரண்டு பஸ் மாறிப் போய் பாக்யராஜ் அதே வண்டியை ஓட்டுகிறான். கடன் எடுக்கலாமா, வேற வண்டி பார்க்கலாமா என்று அவன் ஒருமுறை கேட்டான். கேட்டதோடு சரி.

"சும்மா பார்த்ததுக்கே ஆத்தங்கரை வரைக்கும் போச்சு," என்றாள் கஸ்தூரி. "ஒரு தவணை தப்பினா எங்க போய் நிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருவரும் விரும்பவில்லை.

நோட்டீசுக்கு வழி கஸ்தூரியே கண்டுபிடித்தாள். வீடு ரோட்டுக்கு அதிகமாக வந்துவிட்டால் வளைவில் டவுன் பஸ் திரும்ப முடியாது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். கஸ்தூரி அடுப்பை அணைத்துவிட்டு, அதே பஸ்ஸில் ஏறி வில்லியனூர் போய், ராஜேஷ் கடையில் ஒரு லோன் கேட்பாள். ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் தட்டச் சொல்வாள். அவன் விரலைப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வாள். அவர்கள் பார்ப்பார்கள். உறுவையாற்றில் வீடு ஒரு கட்டில் நீளம் பின்னால் போகும். பஸ் திரும்பும். கடன் கொடுக்க அவர்கள் கூப்பிடும்போது அவள் ஃபோனை எடுப்பதில்லை. ராஜேஷ் கடையில் இப்போது ஜெராக்ஸ் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், டெம்பர் கிளாஸ் நூறு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டுக்கு ஐம்பது, கஸ்தூரி வீட்டைப் பின்னால் தள்ளப் பத்து.